ஒன்பது சிம்பொனிகள், மூன்று பெட்டிகள்

“புல்லாங்குழல் வரேக்க கையைத் தூக்குங்கோ” என்று அத்தான் சொன்னபோது அவர் ஏதோ விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த நீண்ட மண்டபம் அது. பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஆளுக்கொரு பிரம்புக் கதிரையில் இருந்தோம். இசைத்தட்டு சுழலத் தொடங்கியது. குழல் வந்ததும் கையை உயர்த்தினேன். அத்தான் இசைத்தட்டைப் பார்க்கவில்லை, யன்னலுக்கு வெளியே நின்ற கப்பல்களையும் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை உயர்த்தியபோது எனக்கு விளங்கிவிட்டது. அவருக்குக் குழல் கேட்கவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். குச்சவெளியில் கடற்தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். திருகோணமலைக் கடற்படைத் தளத்தின் கொதிகலன் பட்டறையில் இருபது ஆண்டுகள் வேலை செய்தார். இரும்புத் தகட்டின் மேல் சம்மட்டி விழும் ஓசைக்குள்ளேயே அவருடைய பகல்கள் கழிந்தன. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, மாலுமிகளின் பொழுதுபோக்கு மண்டபத்திலிருந்த கிராமபோன் பழுதாகிவிட்டதென்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். திருத்திவிட்டுச் சரிபார்ப்பதற்காக ஒரு தட்டைப் போட்டவர், அது முடியும்வரை எழும்பவில்லையாம். அதன் பிறகு பத்து ஆண்டுகள், ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே இசைத்தட்டுப் போடுவது அவருடைய பொறுப்பாயிற்று. ஒரு ஜெர்மன் இசையமைப்பாளரின் ஒன்பது சிம்பொனிகளை அவர் அப்படித்தான் அறிந்துகொண்டார். அவற்றைப் பற்றி அவர் ஒருவரிடமும் பெரிதாகக் கதைத்ததில்லை. பட்டறையில் யாரிடம் கதைப்பது? வீட்டிலும் ஒரு பழைய கிராமபோன் இருந்தது; ஆனால் அக்காவுக்கு அந்தச் சத்தமே ஆகாது.

வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன ஆண்டு, மண்டபத்துக்குப் பொறுப்பான அதிகாரி அத்தானைக் கூப்பிட்டார். வெவ்வேறு அதிகாரிகள் விட்டுப்போன மூன்று இசைத்தட்டுப் பெட்டிகள் அலுமாரியில் இருந்தன. மூன்றிலும் அதே ஒன்பது சிம்பொனிகள்தான். வாசித்த குழுக்களும் நடத்தியவர்களும் வேறு. ஒன்றை நீர் எடுத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் அடுத்த கிழமை கப்பலில் போகும் என்று சொல்லிவிட்டார். அத்தான் அன்றே மூன்றில் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவர் ஒரு கிழமை தவணை கேட்டார்.

சிவப்புப் பெட்டியில் இருந்தவர்கள் வேகமாக வாசித்தார்கள். ஒவ்வொரு வாத்தியமும் கழுவித் துடைத்ததுபோலத் தனித்தனியாகக் கேட்டது. நீலப் பெட்டி நிதானம், ஆனால் ஒலிப்பதிவு மங்கல். சாம்பல் பெட்டி மிகவும் மெதுவானது. அதில் குழல்கள் எங்கோ பின்னால் நின்றன. பெரிய தந்தி வாத்தியங்களின் அடித்தொனி தரையில் ஊர்ந்து வருவதுபோல இருந்தது. ஒரே பகுதியை மூன்றிலும் மாறிமாறிப் போட்டுக் கேட்டோம். கந்தோரில் தட்டெழுத்து வேலை எனக்கு மதியத்தோடு முடிந்துவிடும் காலம் அது. அக்கா வீட்டில் தங்கியிருந்ததால், துணைக்கு வரச் சொல்லி அத்தான் கேட்டபோது மறுக்கவில்லை.

“எவ்வளவு காலமா அத்தான்?” என்று குழலுக்குக் கை தூக்கிய அன்றே கேட்டேன். அவருடைய வலது காதருகே போய்க் குனிந்து, இரண்டாம் தடவையும் கேட்க வேண்டியிருந்தது.

“நாலு வருசம் இருக்கும். முதல்ல குருவிச் சத்தம் போச்சு. பிறகு குழல். ஆம்பிளையளின்ர கதை கேக்குது. உங்கட அக்கான்ர குரல்தான்...” என்றவர் நிறுத்திவிட்டார். என் அக்காவின் குரல் மெல்லியது, கீச்சென்று உயர்ந்து போவது. “புது நிருவாகம் ஆக்களைக் குறைக்கப் போகுதாம். வைத்தியப் பரிசோதனை வைக்கினமாம். அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ என்னைச் செவிடன் எண்டு பாவம் பார்க்கிறது எனக்கு ஏலாது.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அது எவ்வளவு பாரமானது என்று இரண்டு நாளில் தெரிந்தது. அந்த வீட்டில் நான்கு ஆண்டுகளாக என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. குசினிக்குள் நின்று அக்கா கேட்பாள், மறுமொழி வராது. திரும்பக் கேட்பாள், வராது. பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். பிள்ளைகள் இல்லாத வீடு. சோற்றுக் கோப்பை மேசையில் வைக்கப்படும் ஓசையைத் தவிர, சில நாட்களில் வேறொன்றும் இருக்காது.

வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்தபோது அக்கா சீலைகளை மடித்து ட்ரங்குப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளிவெட்டியில் பிறந்த வீட்டுக்கு, ஐயாவிடம் போகப் போகிறாளாம். நாளைக் காலமை லோஞ்சுப் படகில் மூதூர் போய், அங்கிருந்து பஸ்.

“நான் இஞ்ச கிடந்து கத்துறன், இவர் திரும்பியும் பார்க்கிறாரில்லை. அந்த இங்கிலீசுப் பாட்டைக் கேக்கக் கிழமைக்கணக்கா நேரமிருக்கு. எனக்கு அது விளங்காதெண்ட இளக்காரம். நான் போனாலும் இவருக்குத் தெரியவராது.”

அவள் அழவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. பெட்டியை மூடப் போனவளின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா அந்தப் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டாள். “நாலு வருசமோ” என்று மட்டும் கேட்டாள். “நான் என்னவெல்லாம் நினைச்சிட்டன்.”

மறுநாள் சனிக்கிழமை பிற்பகல், லோஞ்சுக்கென்று எடுத்து வைத்திருந்த சீலையை உடுத்திக்கொண்டு என்னோடு மண்டபத்துக்கு வந்தாள். வாசலில் அவளைக் கண்டதும் அத்தான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை அதில். பிடிபட்டவருடைய களைப்பு இருந்தது. அக்கா நேரே உள்ளே போனாள். கதிரையை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு இருந்தாள்.

ஏழாவது சிம்பொனியின் மெதுவான பகுதியை மூன்று பெட்டிகளிலும் ஒவ்வொன்றாகப் போட்டார். முடிந்ததும் நான் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். சிவப்புத்தான் நல்லது, எல்லாமே தெளிவு. அத்தானும் தலையாட்டினார். “ஓம், வீட்டில கேக்கப்போறது நீங்கள் ரெண்டு பேரும்தானே. உங்களுக்குத் தெளிவா இருக்கட்டும்” என்று சிவப்புப் பெட்டியை எடுக்கக் கை நீட்டினார்.

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போனாள். தன் குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, அவருடைய முகத்துக்கு நேரே, மெதுவாகச் சொன்னாள்.

“எனக்குப் பாட்டு விளங்கேல்லை. நான் உங்கட முகத்தைத்தான் பார்த்தனான். சாம்பலுக்குத்தான் நீங்கள் கண்ணை மூடினீங்கள். அதை எடுங்கோ.”

அத்தான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு, “கேட்டது” என்றார்.

சாம்பல் பெட்டிதான் வீட்டுக்கு வந்தது. அடுத்த கிழமை அவர் தானே புதிய நிருவாகத்திடம் போய்க் காது விஷயத்தைச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தவில்லை; சாமான் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். பதவி இறங்கியது, சம்மட்டி ஓசையும் நின்றது. அக்கா தாழ்ந்த குரலில் கதைக்கப் பழகிக்கொண்டாள். கடைசிவரைக்கும் அவளுக்கு அந்தக் குரல்தான். வாக்கை மீறியதற்காக அத்தான் என்னை ஒருநாளும் கேட்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது நான் வேறு தேசத்தில் இருக்கிறேன். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த ஒன்பதையும் எத்தனையோ குழுக்கள் வாசிக்கக் கேட்கலாம். எது சிறந்தது என்று என் மகனும் அவனுடைய நண்பர்களும் வாதாடுவார்கள். என்னைக் கேட்டால், அந்தச் சாம்பல் பெட்டியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

எழுபதுகளின் நடுவில் அத்தான் காலமானார். ஓர் ஆண்டு கழித்து நான் திருகோணமலைக்குப் போயிருந்தபோது, ஒரு ஞாயிறு பிற்பகல் அக்கா தனியே இருந்து சிம்பொனி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஆச்சரியம். “அக்கா, உனக்கு இப்ப இது விளங்குதோ?” என்று வாசலில் நின்றே கேட்டேன். அவள் திரும்பவில்லை.

“இல்லை” என்றாள், அந்தத் தாழ்ந்த குரலில். “கொஞ்சம் பேசாமல் இரு. இவருக்குப் பிடிச்ச இடம் வருது.”