புல் முளைத்த சந்தை ரோடு

நகரிக்கு வெளியே கூட்ரோட்டில் புத்தூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எல்லை பிரித்ததில் நகரி ஆந்திராவில் நின்றது, பள்ளிப்பட்டு மதராஸ் பக்கம் போய்விட்டது. இங்கிருந்து அங்கே பிரியும் ரோட்டில் போக்குவரத்து குறைந்துவிட்டதாம். ஜில்லா ரோடாக இருந்ததைக் கிராம ரோடு என்று இறக்கிவிட்டார்கள். சின்ன வயதில் அப்பாவோடு சந்தைக்குப் போன ரோடு. இன்று நடுவில் புல்.

நெல் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று வருகிறது. ரோடு பிரியும் இடத்தில் மாடுகள் தாமாகவே பள்ளிப்பட்டுப் பக்கம் திரும்புகின்றன. வண்டிக்காரர் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார்.

“வழி மறந்துபோச்சா?” என்கிறேன்.

“மறந்தாத்தான் தேவலையே சார்! அந்தச் சந்தைக்கே போய்க்கினு இருந்த மாடுங்க. நெல்லு இப்ப எல்லை தாண்டக் கூடாதாம். இதுங்களுக்கு யாரு சொல்றது?”

முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடிக்கிறது. புத்தூர் பஸ் வந்து நிற்கிறது. இவ்வளவு நேரமும் நான் பள்ளிப்பட்டு ரோட்டைப் பார்த்தே நின்றிருக்கிறேன்.