வடம் தொடாத நாள்

சுல்தான் பிறந்த நாளில்தான் என் மூத்த மகளும் பிறந்தாள். அதே நாளில்தான் எங்கள் தோட்டம் கயிறு இழுக்கும் போட்டியில் ஜெயித்தது. ஒரே ஒரு தடவைதான் ஜெயித்தது. அந்தத் தடவை நான் வடத்தைத் தொடவில்லை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூன்றாவது வரைக்கும் படித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குளுவாங்கிலிருந்து உள்ளே எட்டுக் கல் தொலைவில் எங்கள் தோட்டம். ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. சுல்தான் பிறந்த நாளுக்கு வேலை கிடையாது. அன்றைக்கு எங்களுக்கும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கும் விளையாட்டு நடக்கும். ஓட்டம், சாக்கு ஓட்டம், வழுக்கு மரம் எல்லாம் உண்டு. ஜனங்கள் காத்திருப்பது கயிறு இழுப்பதற்குத்தான். பக்கத்துக்கு எட்டுப் பேர். ஐந்து வருஷம் வரிசையாகத் தோற்றோம். ஐந்து வருஷமும் கடைசி ஆள் நான். கடைசி ஆள் என்றால் நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு குதிகாலை மண்ணில் ஊன்றி நிற்பவன். முன்னால் ஏழு பேர் வழுக்கினாலும் அவன் வழுக்கக் கூடாது. நான் வழுக்கவில்லை. எல்லாரோடும் சேர்த்து என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆறாவது வருஷம் விடக்கூடாது என்று நாலு மாதம் பழகினோம். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டதும் கூடுவோம். காட்டில் மரம் இழுக்கிற கயிற்றை ஒரு பெரிய அடிக்கட்டையில் கட்டி இழுப்போம். உள்ளங்கைத் தோல் இரண்டு முறை உரிந்து வளர்ந்தது. ஒரு நாள் அந்தக் கட்டை வேரோடு அசைந்தது. கங்காணி குனிந்து வேரைப் பார்த்தார். இந்தத் தடவை நம்முடையதுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

போட்டிக்கு அந்தக் கயிறு இல்லை. கோயில் தேர்வடம். முதல் வருஷம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கயிறு வாங்க மறந்துவிட்டார். அவசரத்துக்கு மாரியம்மன் தேரின் வடத்தை எடுத்தோம். அதுவே வழக்கமாகிவிட்டது. பூசாரி கட்டுப்பாடு வைத்தார். வடம் தொடுகிறவன் மூன்று நாள் கவுச்சி தின்னக் கூடாது. குளித்துவிட்டு வர வேண்டும். வீட்டில் தீட்டு இருக்கக் கூடாது. இரண்டு தோட்டமும் ஒத்துக்கொண்டது.

என் மனைவி அப்போது நிறைமாசம். இன்னும் பத்துப் பதினைந்து நாள் போகும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அதை நம்பிக்கொண்டு இருந்தேன்.

அன்றைக்கு விடிகிற நேரத்தில் வலி எடுத்தது. வெயில் ஏறுவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். நல்ல எடை.

தப்பு செய்தது இங்கேதான். லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்களுடையது ஆறாவது லயத்தின் கடைசி வீடு. பக்கத்து வீடு காலி. வாயை மூடிக்கொண்டிருந்தால் சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தெரிந்திருக்காது. அம்மனுக்குத் தெரியும். அது வேறு விஷயம். நான் என்ன செய்தேன்? வாங்கி வைத்திருந்த சீனியைத் தட்டில் கொட்டிக்கொண்டு லயம் லயமாகப் போனேன். முதல் பிள்ளை. புத்தி வேலை செய்யவில்லை. கங்காணிக்குக் கொடுத்தேன். என்னோடு இழுக்கிற ஏழு பேருக்கும் கொடுத்தேன். கோயில் வாசலில் பூசாரி வடத்தை விரித்து மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கொடுத்தேன். சீனியை வாயில் போட்டுக்கொண்டார். அது கரைகிற வரைக்கும் என்னையே பார்த்தார்.

"தள்ளி நில்லு. வடத்துல கால் படப்போவுது," என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் தட்டோடு நின்றேன்.

கங்காணியிடம் போனேன். மரம் இழுக்கிற கயிற்றிலேயே போட்டியை வைக்கச் சொன்னேன். அவர் தன் வாயால் சொல்லாமல் அந்த ஏழு பேரிடமே கேட்டார். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தான். கடைசியில் ஒருவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, ஆத்தா வடத்துல ஜெயிச்சாத்தான் ஜெயிச்ச மாதிரி. இந்த ஒரு தடவ விட்டுக்குடுங்க."

நாலு மாதம் ஒரே கயிற்றில் கை உரிந்தவர்கள். நானா வடமா என்று வந்தபோது வடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

என் இடத்துக்கு என் மனைவியின் அண்ணனைப் பிடித்தார்கள். என் மச்சான். ஒல்லி ஆள். நாங்கள் பழகும்போது கட்டைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டு கேலி பேசுவான். அவனுக்குத் தீட்டு இல்லை என்று பூசாரி சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"புள்ள பெத்தது இவன் தங்கச்சி. நானா பெத்தேன்?" என்று கேட்டேன்.

"கட்டிக்குடுத்தாச்சுல்ல. இப்ப அவ ஒன் வீடு. அவன் வேற வீடு," என்றார் பூசாரி.

மச்சான் என் தோளைத் தட்ட வந்தான். தீட்டு ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டான். "மாப்ள, நீங்க போயி தொட்டில் கட்டுங்க. வடத்த நான் பாத்துக்குறேன்," என்றான்.

நான் தொட்டில் கட்டப் போகவில்லை. திடலில் இருபது அடி தள்ளி நின்றேன். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிக்கு விஷயம் எட்டிவிட்டது. உங்கள் ஆள் காலையிலேயே ஜெயித்துவிட்டான், இனி எதற்கு வடம் என்று உரக்கச் சொல்லிச் சிரித்தார். அவருடைய ஆட்களும் சிரித்தார்கள். துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரும் சிரித்தார்.

மூன்று இழுப்பு. முதலாவது அவர்களுக்கு. இரண்டாவது எங்களுக்கு. மூன்றாவது நெடுநேரம் இழுத்தது. வடம் அந்தப் பக்கம் ஒரு சாண் போகும், இந்தப் பக்கம் ஒரு சாண் வரும். என் குதிகால் தன்னாலே மண்ணைத் தோண்டியிருக்கிறது. பிறகுதான் பார்த்தேன். மச்சானால் நிற்க முடியவில்லை. மல்லாந்து விழுந்தான். தொலைந்தது என்று நினைத்தேன். ஆனால் வடத்தை விடவில்லை. மண்ணில் கிடந்தபடியே இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் மூச்சுவிட்ட நேரத்தில் நம்மவர்கள் ஏழு பேரும் ஒரே இழுப்பு இழுத்தார்கள். முடிந்தது.

நின்று பிடிக்க நான் நாலு மாதம் பழகினேன். அவன் படுத்துக்கொண்டு ஜெயித்தான்.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் லயம் வழியாகத்தான் போனார்கள். பிள்ளை முழித்துக்கொண்டு அழுதது.

மறு வருஷம் என் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். தோற்றோம். அதற்கடுத்த வருஷங்களும் நான்தான் கடைசி ஆள். எல்லாம் தோல்விதான். ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பாதி லயம் காலி. போட்டியும் நின்றுபோனது. இனி ஜெயிக்க வழியில்லை.

எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். பத்திரிகை வாசிக்கிறவர். விசேஷ நாள்களில், காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்துப் பலகையில் 'இதே நாளில்' என்று மேலே போட்டு, சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைப்பார். ஏதோ தேசத்து ராஜா பிறந்தது, ஏதோ கோட்டையை யாரோ பிடித்தது, யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஓட்டத்தில் ஜெயித்தது. சுல்தான் பிறந்த நாளில் முதல் வரி சுல்தானுக்கு. கடைசி வரி எங்கள் தோட்டம் ஜெயித்ததற்கு. எட்டுப் பேர் பெயரும் இருக்கும். வருஷா வருஷம் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துவிடுவேன்.

மகளுக்கு ஏழு வயது நிறைந்த சுல்தான் பிறந்த நாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருந்தாள். அன்றைக்குப் பலகை முழுவதும் படித்துவிட்டு வந்தாள். மாமா பெயர் இருக்கிறது, தன் பெயரும் இல்லை, அப்பா பெயரும் இல்லை என்றாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. கிராணியிடம் போய் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இது பிள்ளை பிறந்த கணக்கு எழுதுகிற பலகை இல்லை என்றார். வடத்தை நான் ஏன் தொடவில்லை என்பதும் அந்த நாளில் நடந்ததுதானே என்று கேட்டேன். எழுந்து போய் எழுதினார்.

மகள் சத்தமாகப் படித்தாள். "இதே நாளில் ஆறாம் லயத்தில் பெண் குழந்தை ஒன்று பிறந்தது. அதனால் அதன் தகப்பன் வடம் தொடவில்லை."

களத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் அதிகமாகச் சிரித்தான். இரண்டாவது வாக்கியத்தை அழிக்கச் சொன்னேன்.

"நீர்தானே கேட்டீர். நடந்ததைத்தான் எழுதினேன். அழிக்கேலாது," என்றார் கிராணி.

மகள் சிரிக்கவில்லை. திரும்பவும் ஒரு தடவை, இப்போது மனசுக்குள், படித்தாள். வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டாள்.

"நான் பொறந்ததாலயாப்பா நீங்க இழுக்கல?"

"இல்ல. நான் சீனி குடுத்ததால."

அவளுக்கு விளங்கவில்லை. பிறகு, இன்றைக்கும் தன் பிறந்த நாள்தானே, சீனி இருக்கிறதா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். ரப்பர் விலை விழுந்த அந்த வருஷம் யார் வீட்டிலும் இல்லை.