மூத்த மகனின் கட்சி

போடியில் பொறியியல் படித்தபோது, சனிக்கிழமைகளில் பெண்கள் விடுதியில் என் அறையில் நான்கைந்து பேர் கூடி வேதாகமம் வாசிப்போம். நான்தான் நடத்துவேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி வருவாள், வாயே திறக்கமாட்டாள். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் இந்துக் குடும்பம் அவளுடையது. ஒருநாள் அவள் அம்மா எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனோம்.

“எம்மகள மாத்தப் போறீகளா?” என்று நேராகவே கேட்டார்.

“இயேசுவைப் பத்திப் பேசுறோம்மா. ஏத்துக்கிறதும் விடுறதும் அவ இஷ்டம்” என்றேன்.

“அப்ப இங்கயே வாசிங்க. நானும் கேக்குறேன்.”

அன்றைக்குக் கெட்ட குமாரன் கதை. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனுக்கு அப்பா விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வந்த மூத்தவன் கோபத்தில் வாசலிலேயே நின்றுவிடுகிறான்.

“நிக்கத்தான செய்வான்! தோட்டத்துல சோலி பாத்தவன் அவன்ல?” என்றார் அம்மா.

நான் தயாரித்து வந்த விளக்கத்தில் மூத்தவனுக்கு இடமே இல்லை. அப்போது தோழி முதன்முறையாகப் பேசினாள்: “அப்பா வெளிய வந்து அவனையுந்தானம்மா கெஞ்சிக் கூப்பிடுறாரு.”

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“உள்ள போனானா?”

“அதை எழுதலம்மா” என்றாள் தோழி.

“போயிருப்பான். விருந்து வாசம் வந்தா எவன் வெளிய நிப்பான்?” என்றார் அம்மா. நாங்கள் சிரித்த சிரிப்பில் ஜெபத்தை ஆரம்பிக்கவே வெகுநேரம் ஆனது.