சாவீரிஸின் மரப்பலகை

நைல் கரையிலிருக்கும் எங்கள் ஃபுஸ்தாத் நகரத்தில் என் தங்கை புருஷன் சாவீரிஸைப் போல வயிற்றெரிச்சல் பிடித்த ஆள் கிடையாது. சின்ன வயதில் அவனைத் தேவாலயப் பாடகர் வரிசையில் நிறுத்திப் பார்த்தார்கள். குரல் தகரமாக இருந்ததால், பூசை நேரத்தை அறிவிக்கும் மரப்பலகையையும் அதைத் தட்டும் கொட்டாப்புளியையும் கையில் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள், பலகை தட்டிக்கொள்ளலாம், ஆனால் மெல்லத் தட்ட வேண்டும் என்பது சுல்தானின் சட்டம். அவனுக்குச் சட்டத்தின் மேல் கோபமில்லை. எதிர் மசூதியில் தொழுகைக்கு அழைக்கும் மோதினார் நுஃமான் மேல்தான் எரிச்சல்.

நுஃமானுக்குக் கண் தெரியாது. மசூதிக் கோபுரத்தின் உயரத்திலிருந்து மொட்டைமாடிப் பெண்களைப் பார்த்துவிட மாட்டார் என்றே அவரை வைத்திருந்தார்கள். ஆனால் குரல்! அவர் பாங்கு சொன்னால் என் தங்கை தெக்லாவே மாவுக் கையோடு நின்று கேட்பாள்.

"என் பலகைக்கு ஒருநாளாவது இப்படி நின்னிருக்கியா?"

"பலகையில நின்னு கேக்க என்ன இருக்கு? கண்ணு தெரியாதவரு மேலயுமா உங்களுக்குப் பொறாமை?"

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தட்டுச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் சொல்லியும் அடங்கவில்லை. யாரோ புகார் கொடுக்க, ஊர்ச் சட்டங்களையும் கவனிக்கும் சந்தை அதிகாரி வந்து நின்றார். புகார் உண்மையென்றால் பலகையைப் பறித்துவிடுவார்கள். அதிகாரி எதிர் மசூதியிலிருந்து நுஃமானை வரவழைத்துக் கேட்டார்.

"மோதினாரே, நீங்க எதிர்லயே இருக்கறவரு. சொல்லுங்க, பலகைச் சத்தம் ரொம்பவா கேக்குது?"

"பலகையா? அப்படி ஒண்ணு தட்டுறாங்களா ஐயா? எனக்குக் கேட்டதே இல்லையே."

எங்களுக்கு உயிர் வந்தது. சாவீரிஸுக்கு முகம் கறுத்தது. "என்னது, கேக்கலையா? நைல் கரை வரைக்கும்..." என்று அவன் ஆரம்பிக்க, தெக்லா அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். அதிகாரி போய்விட்டார்.

வீட்டில் அவித்த மொச்சை அவன் முன்னால் ஆறிக்கிடந்தது.

"உங்களுக்காகத்தான் பொய் சொன்னாரு. ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வாங்க," என்றாள் தெக்லா.

"பொய்யா இருந்தா அவன் பெரிய மனுசன். நெசமா இருந்தா என் பலகை ஒண்ணுமே இல்ல. இதுல எதைடி நான் தாங்குவேன்?"

மறுநாள் விடியலில் மெல்லத்தான் தட்டினான். கடைசித் தட்டு அடங்கும்வரை எதிரே சத்தமில்லை. அதற்குப் பிறகுதான் பாங்கு எழுந்தது.

சாவீரிஸ் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தான்.

"கேட்டிருக்கு மச்சான். எல்லாம் கேட்டிருக்கு. இப்ப எனக்காகக் காத்திருக்க வேற செய்றான். இதுலயும் அவனே ஜெயிச்சிட்டான்."