பனியன் போர்த்திய இக்னிஷன் பெட்டியும் உடுமலைப் பயணமும்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடுமலையில் என் தங்கையின் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது குத்து. குழந்தையின் தாய்க்கு உடன்பிறந்த ஆண் இல்லை. அதனால் தாய்மாமன் இடத்தில் நான்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல நேரம் ஒன்பதரை வரைதான்.

காலை 6.40க்கு நானும் மனைவியும் எங்கள் ஊர் மண்ணரையிலிருந்து காரில் கிளம்பினோம். பெட்ரோல் ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன். அந்த வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன் என்பதால் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லையும் வாய்விட்டுப் படித்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. ஊர் பேரெல்லாம் நாஞ் சொல்றனுங்க" என்றாள் மனைவி.

பல்லடம் தாண்டிப் பதினோரு கிலோமீட்டரில், 7.35க்கு இன்ஜின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பொறி உண்டாக்கப் பாயிண்ட் என்ற தொடுமுனை வைத்த என் பழைய காரில் இது பெரிய விஷயமே இல்லை. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்பு, கிளம்பிவிடும். தங்கை குடும்பத்தோடு பழநிக்குப் போகையில் எத்தனை முறை புளியமர நிழலில் நின்று தேய்த்திருப்பேன்! தங்கை அதற்குள் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவாள். இந்தக் காரில் எலக்ட்ரானிக் இக்னிஷன், அந்த வேலையை மூடிய ஒரு பெட்டி செய்கிறது. தேய்க்க ஒன்றுமில்லை.

அரை கிலோமீட்டர் நடந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தேன். திருநெல்வேலிக்காரர். பிளக் வயரைக் கழற்றி இன்ஜின் இரும்பருகே பிடித்து, சாவியைத் திருப்பச் சொன்னார். பொறி இல்லை. பல்பு வைத்துப் பார்த்தார். பொறிக்கு மின்சாரத்தைக் கூட்டித் தரும் காயிலுக்குக் கரண்ட் வருகிறது. அப்படியென்றால் இக்னிஷன் பெட்டிதான் என்று குனிந்தவர் சிரித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, பெட்டிக்குக் குளிருதோ? பனியன் போத்தி வச்சிருக்கீய."

முப்பது வருடம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டியவன் நான். பஞ்சு படியாமல் சுவிட்ச் பெட்டிகளுக்குப் பனியன் துணி சுற்றுவது எங்கள் வழக்கம். அதே அக்கறையில் இதற்கும் அடியில் ஒன்று, மேலே ஒன்று சுற்றியிருந்தேன். சூடு வெளியேற வழியில்லாமல் பெட்டி வேலையை நிறுத்திவிட்டது.

"நான் ஸ்வெட்டர் கேட்டு எத்தன வருசமாச்சுங்க" என்றாள் மனைவி.

துணியை அவிழ்த்து, பெட்டி இரும்பில் நேராகப் படும்படி முடுக்கினார். "ஆறியும் பொறி வரலன்னா வேற பெட்டிதான். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, கெடைக்காது."

இருபது நிமிடம் மூவரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். 8.25க்குச் சாவியைத் திருப்பினேன். நீலமாகப் பொறி வந்தது. கூலி இருநூறு.

மண்டபத்துக்குள் நுழையும்போது 9.20. கை கழுவக்கூட நேரமில்லை. தங்கை மகளுக்கும் இதே மடியில்தான் காது குத்தினோம். அவள் இன்று தன் மகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கையெல்லாம் கிரீஸா இருக்குது கண்ணு" என்றேன்.

"கவுனத் தொவச்சுக்கலாம் மாமா. நல்லா புடிச்சுக்குங்க."

இந்த வழியில் போகிறவர்கள் கிளம்பும் முன் பானட்டைத் திறந்து பாருங்கள். இக்னிஷன் பெட்டிக்குக் காற்றுப் பட வேண்டும், அடியில் வெறும் இரும்பு இருக்க வேண்டும். வண்டி நின்றால் முதலில் பொறியைப் பாருங்கள், பிறகு காயில், கடைசியில் பெட்டி. அங்கே ஒரு குழந்தை உங்கள் மடிக்காகக் காத்திருந்தால், ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.