பீரோவுக்குள் இருந்தால் விஷம், ஓடையில் விட்டால் தண்ணீர்

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் பேச்சியம்மாவின் மாடு செத்துப்போனது. நோயில்லை, நொடியில்லை. முலாம் பட்டறைக்குப் பின்னால் தேங்கிக் கிடந்த தண்ணீரைக் குடித்தது. பத்தடி நடந்தது. நுரை தள்ளி விழுந்தது... அவ்வளவுதான்.

தேனியிலிருந்து கம்பம் போகிற ரோட்டில் ஓர் ஊர். பேரை எழுதினால் என் மேல் கேஸ் வரும் — வேண்டாம்.

அந்தப் பட்டறையில் குத்துவிளக்கு, கவரிங் செயின், வெள்ளித் தட்டு என்று எதைக் கொடுத்தாலும் முலாம் பூசித் தருவார்கள். அதற்குச் சயனைடு வேண்டும். வேலை முடிந்த தண்ணீர்? குழாய் வழியாக நேரே ஓடைக்கு!

கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். "பட்டறைத் தண்ணிதான். சந்தேகமே இல்லை" என்றார். பேச்சியம்மா அழவில்லை. "வாங்கண்ணே, தாலுகா ஆபீஸ்ல போய்க் கேப்போம்" என்று கிளம்பிவிட்டார். அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று மாட்டை அப்படியே போட்டுவிட்டுப் போனோம்.

கிளார்க் ஒரு பெரிய ரிஜிஸ்டரைப் புரட்டினார். "பட்டறைக்கு லைசென்ஸ் இருக்கு சார். நானே செக் பண்ணிருக்கேன். சயனைடு மருந்தை இரும்பு பீரோவுல பூட்டி வச்சிருக்காக. எத்தனை கிராம் எடுத்தாலும் கையெழுத்துப் போடுறாக. ரூல்ஸ்படி எல்லாம் கரெக்ட்."

"எடுத்ததைப் பட்டறை முதலாளி வெளியே ஊற்றுகிறாரே, அதற்கு?"

"அது வேஸ்ட் தண்ணி சார். அதுக்கு இந்த ரிஜிஸ்டர்ல கட்டமே கிடையாது. வேணும்னா மதுரையில மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு எழுதிப் போடுங்க."

கேட்டீர்களா நியாயத்தை? பீரோவுக்குள் இருக்கிறவரை அது விஷம். பூட்டு, சாவி, கையெழுத்து எல்லாம் உண்டு. அதே சாமான் கரைந்து ஊர் ஓடைக்கு வந்தால் வெறும் தண்ணீர்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சட்டத்தை எழுதின மகராசன் திருடனை நினைத்துப் பயந்திருக்கிறார். ஓடைக்கரையில் குடியிருக்கிறவர்களை நினைக்கவே இல்லை.

மறுநாள் பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பட்டறைக்கு இல்லை — பேச்சியம்மாவுக்கு! செத்த மாட்டைப் பொது இடத்தில் போட்டுச் சுகாதாரக் கேடு விளைவித்தாராம். உடனே புதைக்காவிட்டால் அபராதமாம்.

புதைக்கத்தான் வேண்டும். ஆள் பிடித்துக் குழி வெட்டினோம். ஆழம் சரியா என்று பார்க்கப் பஞ்சாயத்து ஊழியர் ஒருவர் டேப்போடு வந்தார். பக்கத்திலேயே பட்டறைக் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"இதைப் பார்க்க மாட்டீர்களா?" என்றேன்.

"அது என் நோட்டீஸ்ல இல்ல சார்."

பேச்சியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். வெட்டின மண்ணை இரண்டு கூடை அள்ளிக்கொண்டு போய்க் குழாய் வாயில் கொட்டினார். மேலே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டறைக்குள் ஒரே கூச்சல். முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"ஏத்தா, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? தண்ணி உள்ள ஏறுது! ஆளுக வேலை பாக்குறாக! கல்லை எடு... அது விஷம்த்தா, விஷம்!"

"அப்படியா மொதலாளி? ஆபீஸ்ல வெறும் தண்ணின்னுல்ல சொன்னாக?" என்றார் பேச்சியம்மா. "ஆளுகள வெளிய வரச் சொல்லுங்க. கல்லு அங்கனதான் கெடக்கும்."

ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். கல்லை எடுக்க முதலாளி உட்பட யாரும் குனியவில்லை. இதை எழுதுகிற இன்று வரை பட்டறை பூட்டித்தான் கிடக்கிறது. திறக்க எத்தனை நாளாகும்? முதலாளி ஒரு மனுக் கொடுத்தால் அதிகாரிகளே வந்து திறந்துவிடுவார்கள். பேச்சியம்மாவுக்கு யார் மாடு கொடுப்பார்கள்?

அன்றைக்கு "அது விஷம்" என்று முதலாளி கத்தியதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் என்று பஞ்சாயத்து ஊழியரிடம் சொன்னேன். பேனா இல்லை என்றார்.

என்னுடையதைக் கொடுத்தேன்.