ஆனி முடிவதற்குள் ஒரு சீட்

எனக்குப் பிடித்த கல்லூரி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், மயிலாப்பூரிலேயே இருந்தது. அங்கே புள்ளியியல் படிக்க வேண்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பு முழுக்கக் கனவு கண்டுகொண்டிருந்தேன். என் பள்ளித் தோழி அங்கே பொருளாதாரத்தில் சேர்ந்துவிட்டாள். மதியம் வகுப்பு முடிந்தால் நாடகக் குழு, நூலகம், இல்லாவிட்டால் கேன்டீனில் அரட்டை. இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்போது வேறென்ன வேண்டும்?

அப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பிளேஸ்மென்ட். அதற்காக அவர் பார்த்து வைத்திருந்தது பூந்தமல்லியைத் தாண்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. இருட்டோடு பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். பேசிக்கொண்டால் வீட்டுக்கு போன் வரும். சுற்றிப் பார்க்கப் போனபோது வாசலிலிருந்து கேன்டீன் வரை வேலை கிடைத்தவர்களின் படங்களாகவே ஒட்டியிருந்தார்கள். லைப்ரரி எங்கே என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனவர், முதலில் பிளேஸ்மென்ட் ஆபீசைப் பார்த்துவிடலாம் என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

ஆனாலும் நாள்கணக்காகச் சண்டை போட்டதில் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார். மயிலாப்பூர் கல்லூரியின் முதல் பட்டியலில் என் பெயர் இல்லை; காத்திருப்பில் இருந்தது. "அடுத்த லிஸ்ட்ல உன் பேர் வந்துடுத்துன்னா அங்கேயே சேர்ந்துக்கோ. நான் குறுக்க நிக்கலை," என்றார். நானும் நம்பினேன்.

கெடுத்தது ஆடி மாதம். எங்கள் வீட்டில் ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிக்கமாட்டார்கள். தி.நகரில் தள்ளுபடிப் புடவை வாங்க மட்டும் விதிவிலக்கு உண்டு. ஆனி முடியப்போகிற நேரத்தில் மந்தைவெளியிலிருந்து பெரியப்பா வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

"உங்க லிஸ்ட் எப்ப வருமோ! நாளைக்கு நாள் நன்னாருக்கு. அந்த இன்ஜினியரிங் காலேஜ்ல ஒரு சீட்டைப் போட்டு வெச்சுடு. ஆடி பொறந்துடுத்துன்னா ஒரு மாசம் ஒண்ணும் பண்ணப்படாது."

"சும்மா துண்டு போட்டு வைக்கறதுதானே," என்று அப்பா என்னைச் சமாதானப்படுத்தினார். பஸ் சீட்டில் போட்ட துண்டை வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போகலாம். இவரோ ராகுகாலம் வருவதற்குள் தி.நகரில் அந்தக் கல்லூரியின் சிட்டி ஆபீசுக்குப் போய், டி.சி., மார்க் ஷீட் என்று எல்லா ஒரிஜினலையும் கொடுத்துவிட்டு வந்தார். ஜெராக்ஸ் கொடுத்தால் போதாதா என்று முன்னாடியே கேட்டிருந்தேன். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அபசகுனமாகப் பேசாதே என்று பெரியப்பா அதட்டினார்.

ஆடி பிறந்த சில நாளில் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. போனில் பார்த்துவிட்டுக் கத்தியே விட்டேன். மறுநாள் மாலைக்குள் ஒரிஜினலோடு போய்ச் சேர வேண்டும்.

அப்பா மோவாயைத் தடவினார். "ஆடியாச்சேம்மா."

"அந்தக் காலேஜ்ல கிளாஸ் ஆரம்பிக்கறதே ஆடிலதானேப்பா?"

"ஆனா சேர்ந்தது ஆனில."

இந்த நியாயத்தோடு யார் மல்லுக்கட்டுவது? அழுதேன், கத்தினேன், சாப்பிடமாட்டேன் என்றேன். கடைசியில் பைக்கை எடுத்தார். தள்ளுபடிக் கூட்டத்தில் நீந்தி சிட்டி ஆபீசுக்குப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிராமலே, "ஒரிஜினல்லாம் கேம்பஸுக்குப் போயிடுச்சு சார்," என்றார். பூந்தமல்லி வெயிலில் கேம்பஸுக்குப் போனோம். "சேர்மன் கையெழுத்து போடணும். அவரு ஊர்ல இல்ல. அடுத்த வாரம் வாங்க," என்றார்கள். வீட்டில் என்னிடம் அவ்வளவு சத்தம் போடத் தெரிந்த அப்பா, அங்கே "சரிங்க சார்" என்று திரும்பிவிட்டார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

மறுநாள் ஜெராக்ஸ்களை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் கல்லூரிக்கு நான் மட்டும் நடந்து போனேன். கல்லூரி அலுவலகத்தில் இருந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார். "சாயந்தரம் வரைக்கும் பாக்கறேன். டி.சி. இல்லாம சேர்க்க முடியாதும்மா." சாயங்காலம் வந்தது, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து போனாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. இருந்தும் வயிறு எரிந்தது.

பொறியியல் முடித்தேன். வேலையும் கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தரமணி ஆபீசில் என் பக்கத்து சீட்டில் இருப்பவள் அதே மயிலாப்பூர் கல்லூரியில் புள்ளியியல் படித்தவள். இருவருக்கும் ஒரே வேலை. மதியச் சாப்பாட்டின்போது அவள் நாடகம் போட்ட கதைகளைச் சொல்வாள். பதிலுக்குச் சொல்ல என்னிடம் பஸ்ஸில் தூங்கிய கதைதான் இருக்கிறது.

போன வாரம் மேல்வீட்டுக்காரர் தன் மகளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று அப்பாவிடம் யோசனை கேட்க வந்தார். அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"கொழந்தைகள் இஷ்டத்துக்கு விட்டுடணும் சார். எங்காத்துல நாங்க எதையும் திணிக்கலை. எங்க பொண்ணு அவளாவே செலக்ட் பண்ணினா."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா."